குடும்ப வகுப்பை மூடாதீர்கள்: எங்கள் சபையின் ஆயருக்கும் கமிட்டிக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆயர் ஐயா அவர்களுக்கும் பாஸ்டரேட் கமிட்டி அங்கத்தினர்களுக்கும்,

நான்கு வாரங்களுக்கு முன் ஞாயிறு ஆராதனையில் இரண்டு தீர்மானங்கள் வாசிக்கப்பட்டன. நான்காம் ஞாயிறு மாலை நடந்துவரும் குடும்ப வகுப்பு அடுத்த மாதம் முதல் நிறுத்தப்படும், ஹால் புதுப்பிக்கப்பட்டதும் அந்த நேரம் ஆளுமை வளர்ச்சிப் பயிற்சிக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கும் கொடுக்கப்படும் என்பது ஒன்று. ஹால் வேலைக்கு ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் காணிக்கை கொடுத்த குடும்பங்களுக்குப் பண்டிகை ஆராதனைகளில் முதல் மூன்று வரிசைகள் ஒதுக்கப்படும் என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டுப் பாட்டு எண் சொன்னார்கள். எல்லோரோடும் எழுந்து நின்றேன். பாட வாய் வரவில்லை.

அன்றே செயலாளர் கையில் ஒரு கடிதம் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து இன்னொன்று கொடுத்தேன். இரண்டுக்கும் பதில் இல்லை. அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி இதை எழுதுகிறேன். சபையின் பெயரையோ யாருடைய பெயரையோ நான் எழுதவில்லை. சபையைச் சந்தியில் இழுப்பது என் நோக்கமில்லை. நான் ஞானஸ்நானம் பெற்ற சபை இது. என் அம்மாவை அடக்கம் செய்ததும் இந்தச் சபைதான்.

என் தொழில் உங்களில் பலருக்குத் தெரியும். பழைய வண்ணாரப்பேட்டையில் தராசு ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். காசிமேட்டு மீன்காரம்மாக்களின் தராசு, கல்மண்டபம் மார்க்கெட் காய்கறித் தராசு, கொருக்குப்பேட்டை பழைய பேப்பர் கடைத் தராசு எல்லாம் என் மேசைக்கு வந்துபோகும். தட்டு, தண்டு, கல் என்று இருந்த காலத்திலேயே அப்பாவிடம் கற்றுக்கொண்டேன். இப்போது முக்கால்வாசி எலக்ட்ரானிக் தராசுதான். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் போவதற்கு முன்னால் எங்களிடம்தான் கொண்டுவருவார்கள். குடும்ப வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து பதினோரு வருஷமாக அதை நடத்துவதில் நானும் ஒருவன்.

அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்று கமிட்டியில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால் சொல்கிறேன். அப்பா, அம்மா, பிள்ளைகள், இருந்தால் தாத்தா பாட்டி, எல்லோரும் பாயில் வட்டமாக உட்காருவோம். மேடை கிடையாது, மைக் கிடையாது. ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு, இது நம் வீட்டில் எப்படி இருக்கிறது என்று பேசுவோம். பிள்ளைகள்தான் முதலில் பேச வேண்டும். பெரியவர்கள் அதற்குப் பிறகு. இந்த ஒரு விதியை நாங்கள் எந்த மாதமும் மாற்றியதில்லை.

ஒரு நான்காம் ஞாயிறு நீதிமொழிகள் 11ஆம் அதிகாரம் வந்தது. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." என் பிழைப்பே அந்த வசனத்துக்குள் இருப்பதால் தராசைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன். தட்டுக்கு அடியில் காந்தத் துண்டு ஒட்டுவது, முத்திரைக் கம்பியை அறுத்து உள்ளே அளவை மாற்றுவது, இப்படித் தெருவில் நடப்பதையெல்லாம் சொன்னேன். ஆறாவது படிக்கும் ஒரு பெண் குழந்தை தன் அப்பா பக்கம் திரும்பி, "நம்ம தராசு சரியா இருக்காப்பா?" என்று கேட்டது. சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் கடையைத் திறப்பதற்கு முன்பே அவர் வாசலில் நின்றார். தராசை மேசைமேல் வைத்துவிட்டு, "அண்ணே, சரி பண்ணிக் குடுங்க" என்றார். ஒரு கிலோ கல்லை வைத்துப் பார்த்தேன். தராசு ஐம்பது கிராம் கூடுதலாகக் காட்டியது. கிலோவுக்கு ஐம்பது கிராம் பெரிய விஷயமா என்று யாராவது கேட்கலாம். ஒரு நாளைக்கு நாற்பது கிலோ விற்றால் இரண்டு கிலோ. அந்த இரண்டு கிலோவும் அவரைப் போலவே கஷ்டப்படுகிற வீடுகளின் குழம்பிலிருந்து எடுத்தது. சரிசெய்து கொடுத்தேன். ஆய்வாளரிடம் முத்திரையும் வாங்கிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "புள்ள கேட்டுடுச்சுண்ணே" என்றார், அவ்வளவுதான்.

ஐயா, இருபது வருஷம் இந்த மனிதர் நம் பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறார். அந்த வசனத்தையும் பலமுறை கேட்டிருப்பார். தன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட அன்றுதான் அது அவருடைய வீட்டுக்குள் போனது. பிள்ளைகளைத் தனியாகவும் பெற்றோரைத் தனியாகவும் உட்கார வைத்திருந்தால் இது நடந்திருக்காது. ஞாயிறு பள்ளியில் அந்தக் குழந்தை வசனத்தை மனப்பாடம் பண்ணிப் பரிசு வாங்கியிருக்கும். அவர் வீட்டுத் தராசு அப்படியேதான் இருந்திருக்கும்.

அந்த அதிகாரத்தின் அடுத்த வசனத்தைப் பாருங்கள். "அகந்தை வந்தால் இலச்சையும் வரும், தாழ்ந்த சிந்தையுள்ளவர்களிடத்தில் ஞானம் உண்டு." முதல் வசனம் தராசு, இரண்டாம் வசனம் தாழ்மை. நம் திருவள்ளுவரிடமும் இதே வரிசை இருக்கிறது. நடுவுநிலைமை 12ஆம் அதிகாரம். "சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி" என்ற தராசுக் குறள் அதில்தான் வருகிறது. அடுத்த 13ஆம் அதிகாரம் அடக்கமுடைமை. முப்பது வருஷமாகத் தராசு பார்க்கிறவன் என்ற முறையில் இந்த வரிசையில் எனக்கு ஒரு காரணம் தெரிகிறது. தன் தராசு தப்பாக இருக்கலாம் என்று ஒத்துக்கொள்ளத் தாழ்மை வேண்டும். அந்த மனம் இல்லாதவன் தராசைக் கடைக்கே எடுத்துவர மாட்டான். நீதி ஒரு பக்கம், தாழ்மை ஒரு பக்கம் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்க முடியாது.

பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் நம் சபையில் பார்த்துவிட்டோம். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் விட முடியாது. சில வருஷங்களுக்கு முன் ஒரு சகோதரி, கணவன் அடித்த தழும்போடு நம் பெரியவர்களிடம் வந்தார். "தாழ்மையா இரும்மா, ஜெபம் பண்ணு, கர்த்தர் பாத்துப்பார்" என்று சொல்லி அதே வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். அடித்தவனைக் கூப்பிட்டு யாரும் தாழ்மையைப் பற்றிப் பேசவில்லை. அவன் அடுத்த ஞாயிறும் காணிக்கைப் பை பிடித்தான். நம் ஊரில் தாழ்மை என்ற சொல் எப்போதும் மேலேயிருந்து கீழே பார்த்துத்தான் சொல்லப்படுகிறது. பெண்ணுக்குச் சொல்கிறோம், பிள்ளைக்குச் சொல்கிறோம், ஹவுசிங் போர்டிலிருந்து வருகிறவருக்குச் சொல்கிறோம், சேரியிலிருந்து வருகிறவருக்குச் சொல்கிறோம். பவுல் பிலிப்பியருக்கு எழுதியது அப்படி இல்லை. "மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்" என்கிறார். ஒருவரையொருவர் என்ற சொல் அதில் இருக்கிறது. கணவன் மனைவியை, முதலாளி வேலையாளை, கமிட்டி சபையை.

அந்தச் சகோதரி பிறகு குடும்ப வகுப்புக்குத்தான் வந்தார். அங்கேதான் முதல் தடவையாக நான்கு பெண்கள் அவரிடம், "நீங்க பொறுத்துக்கறது தாழ்மை இல்லக்கா, அவர் பண்றது அநியாயம்" என்று சொன்னார்கள். இரண்டு பேர் கூடவே போய், பெண்கள் உதவி எண்ணான 181க்குப் போன் போட வைத்தார்கள். வகுப்பை மூடினால், அப்படி ஒரு பெண் அடுத்த முறை எந்த இடத்துக்கு வருவார்?

என் வீட்டையும் சொல்கிறேன். "உங்க வீட்டுல கடைசியா யார் யார்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க?" என்று ஒரு மாதம் பிள்ளைகளை எழுதச் சொன்னோம். என் மகன், "அம்மா கேப்பாங்க. நான் கேப்பேன். அப்பா கேட்டதே இல்ல" என்று எழுதியிருந்தான். வகுப்பு நடத்துகிறவன் நான். அந்தத் தாளை நான்தான் வட்டத்தில் சத்தமாக வாசிக்க வேண்டியிருந்தது. கடையில் வேலை கற்றுக்கொள்ளும் பையனைக் கை ஓங்கியது, கணக்கு வரவில்லை என்று மகனை ராத்திரி வாசலில் நிற்கவைத்தது, எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் ஞாபகம் வந்தது. அன்று இரவு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். மறுநாள் கடைப் பையனிடம் கேட்டேன். அவன் பயந்துபோய் வேலையை விட்டு அனுப்புகிறேன் என்று நினைத்துக்கொண்டான். ஒரு பெரியவர் மன்னிப்புக் கேட்டு அதுவரை அவன் பார்த்ததே இல்லை.

வகுப்பை நிறுத்துவதற்கு நீங்கள் சொன்ன காரணம், ஆள் வருவதில்லை என்பது. வருகைப் பதிவேடு என்னிடம்தான் இருக்கிறது. முன்பு முப்பது குடும்பங்களுக்குக் குறையாமல் வந்தார்கள், இப்போது பன்னிரண்டு. உண்மைதான். எப்போது குறைந்தது என்பதையும் பதிவேடு சொல்கிறது. மாலை ஐந்தரை மணிக்கு இருந்த வகுப்பை, ரிசப்ஷனுக்கு ஹால் வாடகைக்குப் போகிறது என்று நீங்கள் மூன்று மணிக்கு மாற்றிய மாதத்திலிருந்து குறைந்தது. காசிமேட்டில் ஏலம் எடுக்க விடியுமுன் எழுந்து போகிற அம்மா, மதியம் கூடையைக் கழுவிவைத்துவிட்டுக் கண்ணை மூடுகிற நேரம் அது. ஆட்டோ ஓட்டுகிறவர் சாப்பிட வீட்டுக்கு வருகிற நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் படகுக்குப் போகும் அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள். அந்த 61 நாளில் வகுப்புக்கு உட்கார இடம் இருக்காது. வருமானம் இல்லாத அந்த நாட்களில்தான் கடன், குடி, கோபம் எல்லாம் வீட்டுக்குள் ஏறும். அதைப் பற்றிப் பேச ஓர் இடம் என்று அவர்கள் வந்தார்கள். இந்த வருஷம் அந்த இரண்டு மாதமும் ஹாலில் கல்யாணங்கள்தான் நடந்தன.

பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி இருக்கிறதே, அது போதாதா என்றும் ஒருவர் கேட்டார். ஞாயிறு பள்ளியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், நானும் அதில் வளர்ந்தவன். ஆனால் 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரேக்ஸ் ஞாயிறு பள்ளி நடத்தியது, வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்காக. வீட்டின் பொறுப்பைச் சபை எடுத்துக்கொள்வதற்காக அது தொடங்கப்படவில்லை. அதற்கும் 250 வருஷத்துக்கு முன், 1529இல் மார்ட்டின் லூத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் நூலில், குடும்பத் தலைவர் தன் வீட்டாருக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய முறை இது என்று பகுதிக்குப் பகுதி தலைப்பிலேயே எழுதியிருக்கிறார். ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, ஜனங்களுக்கு அடிப்படைகூடத் தெரியவில்லையே என்று மனம் நொந்த பிறகு எழுதியது அது. அவர் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க நினைத்த இடம் வீடு. உபாகமம் 6ஆம் அதிகாரமும் "நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும்" என்றுதான் சொல்கிறது. ஒரு பிள்ளை வாரத்தில் ஒரு மணி நேரம் நம்மிடம் இருக்கிறது. மற்ற நேரமெல்லாம் அப்பா போனில் எப்படிப் பேசுகிறார், அம்மா வேலைக்கார அக்காவுக்கு எந்த டம்ளரில் டீ கொடுக்கிறார், அண்ணனுக்குப் பெண் பார்க்கும்போது எந்தச் சாதி என்று முதலில் கேட்கிறார்களா என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் இன்டர்வியூவில் வாய் திறக்க முடியாமல் திரும்பி வருவதை நானும் பார்க்கிறேன். வாரத்தில் ஏழு நாளும் ஹால் நம்முடையதுதான். மாதத்தில் ஒரு மாலையைத் தவிர மற்ற எந்த நாளிலும் வையுங்கள், நானே நாற்காலி போடுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி தெருக்களில் தண்ணீர் நின்றதே, அப்போது அதே ஹாலில்தான் குடும்பங்கள் வந்து தங்கின. இரண்டாம் நாள் கழிவறை அடைத்துக்கொண்டது. வகுப்புக்கு வரும் ஒரு வங்கி அதிகாரி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். துப்புரவு வேலை செய்யும் இன்னொரு வகுப்புக் குடும்பத்து அண்ணன் வெளியே நின்று, எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். "இந்தத் தடவை நீங்க இறங்க வேணாம், நான் இறங்குறேன்" என்று அதிகாரிதான் சொன்னாராம். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது அவர் மகள். பெரிய வியாழக்கிழமை, இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவுகிற யோவான் 13 வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாளிதான் நினைவுக்கு வருகிறது.

இப்போது இரண்டாவது தீர்மானம். யாக்கோபு 2ஆம் அதிகாரத்தைக் கமிட்டிக் கூட்டத்தில் யாரும் நினைக்கவில்லையா? பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் போட்டவன் வந்தால் நல்ல இடத்தில் உட்கார வைக்கிறீர்கள், தரித்திரனை என் பாதபடியண்டையிலே உட்காரு என்கிறீர்கள் என்று யாக்கோபு கடிந்துகொள்வது சபையைத்தான், வெளியே இருப்பவர்களை இல்லை. நாம் அதையே தீர்மானமாக நிறைவேற்றி, பலிபீடத்துக்கு முன்னால் நின்று வாசித்திருக்கிறோம்.

அறிவிப்பு வந்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு, ஞாயிறு பள்ளி முடிந்து போகும்போது ஒரு பையன் என்னிடம் கேட்டான்: "அங்கிள், எங்க ஆயா எவ்ளோ குடுத்தா முன்னாடி உக்காரலாம்?" அவன் ஆயாவுக்குக் காது சரியாகக் கேட்காது. தெருமுனையில் இட்லி விற்கிறார். ஹால் வேலைக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்தார், அதைச் சேர்க்க அவருக்கு எத்தனை நாள் ஆனது என்று எனக்குத் தெரியும். பிரசங்கம் கேட்க வேண்டும் என்று இத்தனை காலம் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தவர், கிறிஸ்துமஸ் அன்று பின்னால் போக வேண்டும். பையனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தன்னிடம் இருந்த இரண்டு காசையும் காணிக்கை போட்ட ஏழை விதவையின் கதையை அந்த மாதம்தான் அவன் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

ஐம்பதாயிரம் கொடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களில் இரண்டு பேர் என்னிடமே வந்து, எங்களுக்கு இது வேண்டாம், எங்கள் பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள் என்றார்கள். "எல்லார்க்கும் நன்றாம் பணிதல்" என்று தொடங்கும் குறள், அந்தப் பணிவு செல்வர்களுக்கு இன்னொரு செல்வம் என்று முடிகிறது. அந்தச் செல்வம் அவர்களிடம் இருக்கிறது. அதைப் பறிக்கிற மாதிரி ஒரு நாற்காலியை ஏன் கொடுக்கிறீர்கள்?

நான் கேட்பது இவைதான்.

குடும்ப வகுப்பை நிறுத்தும் தீர்மானத்தை ரத்து செய்யுங்கள். நான்காம் ஞாயிறு மாலை ஐந்தரை முதல் ஏழு மணி வரை ஹாலை எந்த வாடகைக்கும் விடாதீர்கள். ஒரு வருஷம் அந்த நேரத்தில் நடத்த விடுங்கள், பிறகு பதிவேட்டை உங்கள் முன் வைக்கிறேன். அப்போதும் ஆள் வரவில்லை என்றால் நானே சாவியைத் திருப்பித் தருகிறேன்.

முதல் மூன்று வரிசை ஒதுக்கீட்டை விலக்கிக்கொண்டதாக, வாசித்த அதே இடத்தில் நின்று வாசியுங்கள். வரிசை ஒதுக்கத்தான் வேண்டும் என்றால் காது கேளாதவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் ஒதுக்குங்கள்.

வீட்டில் அடி வாங்கி வருகிற எந்தப் பெண்ணையும் தாழ்மையாயிரு என்று சொல்லித் திருப்பி அனுப்புவதில்லை என்று கமிட்டி முடிவெடுக்க வேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து இரண்டு பேரை இதற்காக நியமியுங்கள். 181 என்ற எண்ணைப் பெண்கள் பக்கத்து வாசலில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

ஹால் வேலையின் வரவு செலவு முழுவதையும், ஐந்நூறு ரூபாயும் ஐம்பதாயிரமும் ஒரே அளவு எழுத்தில் இருக்கும்படி, அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன்பே அது வேண்டும்.

கடைசியாக, ஆயர் ஐயா, வருகிற நான்காம் ஞாயிறு நீங்களும் அம்மாவும் பிள்ளைகளும் வகுப்புக்கு வாருங்கள். கமிட்டி அங்கத்தினர்களும் குடும்பத்தோடு வாருங்கள். பிரசங்கம் பண்ண வேண்டாம். எங்களோடு பாயில் உட்காருங்கள். முதலில் உங்கள் பிள்ளைகள் பேசட்டும்.

இந்தக் கடிதத்துக்குப் பதிலை அதற்கு முந்தைய ஞாயிறு அறிவிப்பில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
குடும்ப வகுப்பு நடத்துபவர்களில் ஒருவன்,
பழைய வண்ணாரப்பேட்டை